மகளின் மிதிவண்டி

 

மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன் எழுதுகிறான் என்றால், தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானோ மிதிவண்டியில் ஊர் சுற்றிய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். புருவத்தை உயர்த்தாமல் இறுதிவரை படியுங்கள். இக்கதையில் சுற்றிய இன்பமும் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படியின் கீழே

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஆலங்காயம்தான் நாங்கள் இப்போது வாழும் ஊர். மலைத் தொடர் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. எங்கள் ஊர் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது, அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி அவளுக்குக் கிடைத்தது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காக 2001ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டம், பின்னர் எல்லாச் சமுதாயத்து மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அன்று மாலை அவள் வண்டியை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். ஓட்டத் தெரியாமல் அல்ல. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது உறவுக்காரப் பிள்ளைகளின் வண்டியில் முன்பே பழகியிருந்தாள். என்னிடம் கேட்காமல் அதில் ஏறக் கூடாது என்று நினைத்தே உருட்டி வந்திருக்கிறாள். அதைக் கேட்டு என் மனம் குளிர்ந்தது. "தாராளமாக ஓட்டம்மா" என்றேன்.

பதினொரு நாள்கள் அவள் அவ்வண்டியில் பள்ளி சென்றாள். பன்னிரண்டாம் நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, ஒருவர் என் தோளில் கை வைத்து, "ஹஜ்ரத், உங்க பொண்ணு சைக்கிள்ல பறக்குதே!" என்று சிரித்தபடி சொன்னார். அதில் குற்றச்சாட்டு இருந்ததா, வெறும் வியப்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால், அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிரவு மகளை அழைத்து, "நாளை முதல் ஷேர் ஆட்டோவில் போய் வா" என்றேன்.

"சரி அத்தா" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருந்திருக்காது.

மிதிவண்டி மாடிப்படியின் கீழே போய் நின்றது. இருக்கையின் மீது போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள். கல்லூரியில் சேர்ந்து, பேருந்தில் போய்வரத் தொடங்கினாள். வண்டியின் மீது தூசி படிந்தது.

இந்நிலையில்தான் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. நாள் முழுதும் சம்மணமிட்டு அமர்ந்து பாடம் நடத்துவது, விருந்துகளில் பிரியாணியை மறுக்கத் தெரியாதது என்று என் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். முழங்கால் வலிக்கிறது என்றேன். "அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள். உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும், முழங்காலுக்கு அவ்வளவு சுமை இராது" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், மகள் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போனாள். மாடிப்படியின் கீழிருந்து வண்டியை வெளியே எடுத்தாள். டயர்கள் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. தம்பியை அழைத்துக்கொண்டு மிதிவண்டிக் கடைக்கு உருட்டிச் சென்று, டயரும் டியூபும் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளைச் சரிபார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். "முன் பிரேக்கை மட்டும் திடீர்னு பிடிக்காதீங்க அத்தா, ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க" என்று எனக்குப் பாடமும் நடத்தினாள்.

நடுவில் பார் இல்லாத பெண்கள் வண்டி அது. கைலியும் ஜிப்பாவுமாக இருப்பவனுக்கு அதுவே வசதியாக இருந்தது. ஆக, மகள் ஓட்டினால் ஊர் பேசும் என்று நான் முடக்கிப் போட்ட வண்டியில், தந்தையாகிய நான் ஊர் சுற்றத் தொடங்கினேன். இதில் உள்ள முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மலையடிவாரச் சாலைகளில்

முதல் வாரம் ஊருக்குள் மட்டுமே சுற்றினேன். அடுத்த வாரம் ஏரிக்கரை. அதற்கடுத்து ஒடுகத்தூர் சாலை. பஜ்ரு தொழுகையை முடித்து, விடிந்ததும் புறப்பட்டு, மத்ரஸா தொடங்கும் முன் திரும்பிவிடுவேன். மருந்துக்காகத் தொடங்கியது, ஒரு மாதத்திற்குள் மனத்திற்குப் பிடித்த ஒன்றாக மாறிவிட்டது.

நான் தஞ்சைச் சமவெளியில் பிறந்தவன். எங்கள் பக்கம் வானம் தரையோடு சேரும் இடம்வரை வயல்தான். இங்கோ கிழக்கிலும் தெற்கிலும் ஜவ்வாது மலை, மேற்கே ஏலகிரி. காலையில் ஒரு மலையின் பின்னாலிருந்து எழும் சூரியன், மாலையில் மற்றொரு மலையின் பின்னால் இறங்குகிறது. இத்தனை ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தும் நான் இதைக் கவனித்ததில்லை. பேருந்தில் போகும்போது முன் இருக்கையின் முதுகைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் யார் பின்னாலாவது அமர்ந்து போகும்போது அவர் தோளைப் பார்த்திருக்கிறேன். மிதிவண்டியில்தான் ஊரைப் பார்த்தேன்.

நடையின் வேகத்தில் தொலைவு போக முடியாது. இயந்திரத்தின் வேகத்தில் எதுவும் கண்ணில் நிற்காது. மிதிவண்டி இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. நிலக்கடலைக் கொடியைப் பிடுங்கும்போது எழும் மண் வாசனை மூக்கில் ஏறும். தென்னந்தோப்பில் நீர் பாயும் ஓசை கேட்கும். எதிரே வருபவருக்குச் சலாமோ வணக்கமோ சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகும் அளவுக்கு நேரம் இருக்கும்.

வரலாற்றில் பட்டம் பெற்றவன் என்பதால், இந்த எளிய வண்டியின் பூர்விகத்தையும் தேடிப் படித்தேன். 1817ஆம் ஆண்டில் கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மானியர், இரு சக்கரங்களை ஒரு மரச் சட்டத்தில் பொருத்தி, காலால் தரையை உந்திச் செல்லும் வண்டியைச் செய்தார். மிதிகட்டை பிரான்சில் 1860களில் வந்தது. சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் ரோவர் வண்டியை இங்கிலாந்தின் ஸ்டார்லி 1885இல் கொண்டுவந்தார். காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் உருவாக்கினார். நம் தமிழகத்தில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து மிதிவண்டிகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. என் மகளின் வண்டிக்கும் அந்த 1885ஆம் ஆண்டு வண்டிக்கும் அடிப்படை அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

"ஹஜ்ரத், இப்படிச் சுற்றுவது வீண் பொழுதுபோக்கு ஆகாதா?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். அவனுக்கு ஹன்ளலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் மறந்து போகின்றன. ஆகவே தாம் நயவஞ்சகர் ஆகிவிட்டோமோ என்று அந்தத் தோழர் அஞ்சினார். அண்ணலார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கும் ஒரு நேரம், இதற்கும் ஒரு நேரம் என்ற பொருள்படத் தேற்றினார்கள். இரவெல்லாம் நின்று தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்ற மற்றொரு தோழரிடம், உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பதை நினைவூட்டினார்கள். பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆனும் பல இடங்களில் நம்மைப் பணிக்கிறது. அதற்குக் கப்பலும் விமானமும்தான் வேண்டும் என்பதில்லையே!

மாணவன் ஏற்றுக்கொண்டான். ஆனால், இந்த நியாயங்களை எல்லாம் எனக்காக மட்டுமே எடுத்து வைத்திருந்தேன் என்பதை நான் உணரவில்லை.

ஒவ்வொரு நாளும் நான் திரும்பி வந்ததும், மகள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன பார்த்தீங்க அத்தா?" என்று கேட்பாள். மயிலைப் பார்த்ததையும், ஏரியில் நாரை இறங்கியதையும், மலையில் மேகம் படிந்திருந்ததையும் நான் விரித்துச் சொல்வேன். அவள் ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வாள். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பாட்டியின் கேள்வி

ஐந்தாறு மாதங்கள் சென்றபின், மலை ஏறிப் பார்க்கும் துணிவு வந்தது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் சாலை, அடிவாரத்தைக் கடந்ததும் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. மலையில் கரடி நடமாட்டம் உண்டு. எனவே நன்றாக விடிந்த பின்பே ஏற வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மத்ரஸாவுக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். ஜும்ஆவுக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

கியர் இல்லாத வண்டி. இரண்டாவது வளைவிலேயே மூச்சு இரைத்தது. இறங்கி உருட்டினேன். பிறகு சற்று மிதித்தேன், மீண்டும் உருட்டினேன். மேலே போகப் போகக் காற்றில் குளிர்ச்சி கூடியது. ஒருகாலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர் பெற்ற மலை இது. இன்று சாலையோரம் கண்ணில் படுபவை புளியும் பலாவும் சரிவுகளில் விளையும் சாமையும்தான்.

இம்மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மக்களென்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் பயிரிடுவார்கள். தேனும் புளியும் கடுக்காயும் சேகரிப்பார்கள்.

மேலே ஒரு திருப்பத்தில், புளிய மரத்தடியில், மூதாட்டி ஒருவர் சீத்தாப்பழக் கூடையோடு அமர்ந்திருந்தார். வண்டியை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாய், கீழேருந்து இத்த மிதிச்சிக்கினா வந்த?"

"ஆமாம்மா. பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன்."

"பொம்பளப் புள்ளைங்க வண்டியாட்டம் கீதே?"

"என் மகளின் வண்டிம்மா. அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது" என்றேன், சற்றுப் பெருமையோடு.

மூதாட்டி ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"புள்ள வண்டிய நீ எடுத்துக்கினு வந்துட்டா, புள்ள எதுல வரும்?"

அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. மகள் பின்னால் வருகிறாளா, எதில் வருவாள் என்று அறியவே கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. "அவள் வரமாட்டாள்" என்று சொல்ல வாயெடுத்தேன், அடுத்து, "ஏன்?" என்று கேட்பாரே! பழத்துக்குரிய காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இறங்கும்போது மிதிக்கத் தேவையில்லை. இரண்டு பிரேக்குகளையும் பிடித்துப் பிடித்து விட்டால் போதும். கால்களுக்கு வேலை இல்லாததால், வழி முழுவதும் மனத்திற்கே வேலை. ஒருவரின் ஒற்றைச் சிரிப்புக்காக அவளிடமிருந்து நான் எதைப் பறித்தேன்? பள்ளிக்குப் போகும் வசதியை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் காற்றையும், இந்த வளைவுகளையும், தானே தன் கண்ணால் காணும் உரிமையையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டேன்? நாள்தோறும் "என்ன பார்த்தீங்க அத்தா?" என்று அவள் கேட்டது, தான் பார்க்க முடியாததை என் வாய்வழியாகவாவது பார்த்துக்கொள்வதற்காகவே என்று அப்போதுதான் விளங்கியது. கண்கள் கலங்கிச் சாலை மங்கியதால், வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் அமர்ந்துவிட்டேன்.

வீட்டுக்குள்ளே ஒரு வரலாறு

அன்றிரவு என் துணைவியாரிடம் இதைச் சொன்னேன். அவர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அம்மா சைக்கிள் ஓட்டுவாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

நான் திடுக்கிட்டேன். என் மாமியாரா? வெற்றிலைப் பெட்டியும் தஸ்பீஹ் மணியுமாக நான் அறிந்த அந்த அம்மையாரா?

நேயர்களே, புதுக்கோட்டையில் 1991ஆம் ஆண்டு வாக்கில் நடந்த அறிவொளி இயக்கத்தை உங்களில் மூத்தவர்கள் அறிந்திருப்பீர்கள். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார்கள். வயலில் உழைக்கும் பெண்களும், கல் குவாரியில் வேலை செய்தவர்களும், கிராமத்துச் செவிலியரும், பள்ளி ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, பார் வைத்த ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டியவர்களும் உண்டு. குழந்தையை முன்னால் அமர்த்த அந்தப் பார் உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

"குடத்தைப் பின்னால கட்டி, என்னை முன்னால பார்ல உட்கார வச்சு, தண்ணிக்குப் போவாங்க. அப்ப எனக்கு ஏழு, எட்டு வயசிருக்கும். முதல்ல ஊர்ல பேசினாங்கதான். அத்தா ஒண்ணே ஒண்ணு சொன்னாங்களாம். தண்ணி தூக்கி இடுப்பு ஒடியிறப்ப பேசாத ஊர், இப்ப மட்டும் ஏன் பேசணும்னு. அப்புறம் பேசினவங்க வீட்டுப் பொண்ணுங்களே வந்து எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டாங்க."

"இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றார்.

மேற்கொண்டு பேச என்னிடம் சொல் இல்லை. வரலாறு படித்தவன் என்று சொல்லிக்கொள்பவனுக்குத் தன் வீட்டு வரலாறு தெரியவில்லை. மத்ரஸாவில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள், அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை அண்ணலார் முந்தி, அதற்கு இது ஈடாகிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். மாணவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள், நானும் புன்னகைப்பேன். புன்னகைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளின் வண்டியை மாடிப்படியின் கீழே நிறுத்தி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை மகளை அழைத்தேன். "உன் வண்டியை நீயே எடுத்துக்கொள் அம்மா. அன்று நான் சொன்னது தவறு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க எதுல போவீங்க அத்தா?" என்று கேட்டாள். மலையில் அந்த மூதாட்டி கேட்ட அதே கேள்வியை, என் மகள் எனக்காகக் கேட்டாள்!

காவலூரில் ஒரு சனிக்கிழமை

பழைய வண்டி ஒன்றை எனக்கென வாங்கிக்கொண்டேன். இப்போது பஜ்ருக்குப் பின் இருவரும் சேர்ந்தே புறப்படுகிறோம். முதல் நாள் அவள் நீண்ட புர்காவின் ஓரம் சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. மறுநாள் முதல் தளர்ந்த சுடிதாரும், முழங்கால் வரையிலான மேலங்கியும், இறுகக் கட்டிய தலை முக்காடுமாக வருகிறாள். ஒழுக்கத்திற்கும் குறையில்லை, சங்கிலிக்கும் தொல்லையில்லை.

பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், நீங்களே இப்படிச் செய்தால் ஊர் என்ன சொல்லும்?" என்று வருந்தினார். மேலே சொன்ன ஹதீஸை அவரிடம் எடுத்துரைத்தேன். என் மாமியாரின் கதையையும் சொன்னேன். தந்தையோடு, கண்ணியமான உடையில், நல்ல காற்றில் செல்லும் பெண்ணை எந்த மார்க்கச் சட்டத்தைக் கொண்டு தடுப்பது என்றும் பணிவோடு கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால், என் சலாத்துக்குப் பதில் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. அதுவரைக்கும் அல்ஹம்துலில்லாஹ்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பஜ்ருக்கு முன்பே மாடியில் நின்றுகொண்டிருந்தோம். மேற்கே ஏலகிரிப் பக்கம் ஒளிர்ந்த ஒரு சிவந்த விண்மீனைக் காட்டி, அதன் பெயரைக் கேட்டேன். "ஆல்டிபரான்" என்றாள். அது அத்தபரான், பின்தொடர்வது என்னும் பொருளுடைய அரபுச் சொல் என்றேன். அருகே மின்னிய ரீகல், கால் என்று பொருள்படும் ரிஜ்ல். இன்னும் ஆல்டேர், வேகா, டெனிப் என்று உலகம் அழைக்கும் பல விண்மீன்களுக்கும் அரபு மூலம் உண்டு. நம் முன்னோர் வானத்தை எவ்வளவு ஆழ்ந்து நோக்கினார்கள் என்பதற்கு இப்பெயர்களே சாட்சி. பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தில் உலுக் பேக் எழுப்பிய வானாய்வுக் கூடத்தைப் பற்றியும் சொன்னேன். "நம்ம மலையிலேயும் ஒண்ணு இருக்கே அத்தா, போகலாமா?" என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமையே காவலூருக்குப் புறப்பட்டோம். துணைவியாரும் மகனும் உணவுப் பொட்டலங்களோடு பேருந்தில் வர, நாங்கள் இருவரும் மிதிவண்டியில் ஏறினோம். என்னைவிட அவள் நான்கு வளைவுகள் கூடுதலாக மிதித்தாள். நான் உருட்டிக்கொண்டு வரும்வரை மேலே காத்திருந்து, "மெதுவா வாங்க அத்தா" என்றாள். புளிய மரத்தடியில் அந்த மூதாட்டியைத் தேடினேன். அன்று அவர் இல்லை. பதிலைக் கையோடு அழைத்து வந்திருந்தேன், கேட்டவரைத்தான் காணவில்லை.

காவலூர் வானாய்வுக் கூடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே உள்ளது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளை நாடி, விஞ்ஞானி வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, 1982இல் மறைந்த அப்பெருமகனின் பெயரே 1986இல் சூட்டப்பட்டது. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, கோள் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி விட்டு விட்டு மங்கியது. அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அன்றுதான் அறிந்தது. அந்நிகழ்ச்சியைக் கண்டு பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1988இல் ராஜமோகன் என்ற விஞ்ஞானி இங்கிருந்து கண்டறிந்த சிறு கோளுக்கு, நம் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது.

அந்தப் பெரிய தொலைநோக்கியின் அடியில் என் மகள் வாய்பேசாது நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, மாடிப்படியின் கீழே தூசி படிந்து கிடந்தது வண்டி மட்டும்தானா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பிறகு நால்வரும் மரத்தடியில் விரிப்பை விரித்து லுஹர் தொழுதோம். மலைக்காற்றில் ஸஜ்தா செய்து எழும்போது உண்டான நிறைவை எழுத எனக்குச் சொல் போதாது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அருமைச் சகோதர சகோதரிகளே! உங்கள் ஊரில் மலை இல்லாமல் இருக்கலாம். ஒரு கண்மாய்க் கரையோ, வாய்க்கால் மேடோ, கடற்கரைச் சாலையோ கட்டாயம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். புறப்படும் முன் காற்றையும் இரண்டு பிரேக்குகளையும் பாருங்கள். சரிவில் வேகத்தை விட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வழியில் கை நடுங்கி வியர்த்தால் சட்டென்று வாயில் போட, சட்டைப் பையில் நான்கு பேரீச்சம்பழங்களை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். முழங்கால் வலியும் தணிந்திருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். அது மிதிவண்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரார் ஒருவரின் சிரிப்புக்கு அஞ்சி, பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்த ஏதோ ஒன்று அங்கே இருக்கலாம். "சரி அத்தா" என்று அவர்கள் சொன்ன ஒரே காரணத்தால், அவர்களுக்கு மனவருத்தம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது காலையில் வீடு திரும்பியதும் என் துணைவியார்தான் கேட்கிறார்: "இன்னைக்கு என்ன பார்த்தீங்க ரெண்டு பேரும்?" நான் வாயைத் திறக்கும் முன்பே மகள் சொல்லத் தொடங்கிவிடுகிறாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்கிறேன். நான் பார்க்கத் தவறியவை அதில் நிறைய இருக்கின்றன.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் நலத்தையும், நம் பிள்ளைகளின் உள்ளங்களில் மகிழ்ச்சியையும் நிறைத்தருள்வானாக! ஆமீன்.